ரெண்டு அடுப்புக்கு ஒரு புகைக்கூண்டு

நகத்தைப் பார்க்குறீங்களா டீச்சர்? மருதாணி இல்லை, கரி. புகைக்கூண்டுக் கரி. முந்தா நாள்ல இருந்து சீயக்காய் போட்டுத் தேய்க்கிறேன், தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறேன், போவேனாங்குது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போற கையா இது? கடைக்காரன் பட்டுச் சேலையை விரிச்சுப் போட்டா தொட விடுவானா?

டீச்சர்தானே நீங்க? பையைப் பார்த்தாலே தெரியுது. நல்லா சாஞ்சு உக்காருங்க. இந்த ரோட்டுல மரம் விழுந்தா பஸ்சு லேசுல நகராது. ஆள் வரணும், வாள் வரணும், அப்புறம் விறகு யாருக்குன்னு சண்டை வரணும். அதுவரைக்கும் என் கதையைக் கேளுங்க. நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க. எனக்குத் தெரியும், இருந்தாலும் படிச்சவங்க வாயால கேட்டா ஒரு திருப்தி.

எங்க ஊரு இந்த மலைக்கு உச்சியில. காலையில குடத்துத் தண்ணியில கை விட்டா விரல் எல்லாம் இருக்கான்னு பார்த்துக்கணும், அப்படிக் குளிரு. கேஸ் எல்லார் வீட்டுலயும் இருக்கு. டீ போட ஆகும். வீடு சூடாகணுமே, அதுக்கு விறகடுப்புதான். அடுப்புக்கு மேல செங்கல்லுல கூண்டு கட்டி, கூரைக்கு மேல தலையை நீட்டி விட்டிருப்பாங்க. புகை அது வழியா போயிரும், சூடு உள்ள நிக்கும்.

வீடு என் மாமனார் கட்டினது. அவர் போனதுக்கப்புறம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பாகம் பிரிச்சாங்க. நடுவுல சுவரு. அடுப்படிக்கும் நடுவுல சுவரு. அந்தப் பக்கம் மூத்தவ, இந்தப் பக்கம் நான். மூத்தவன்னா என் ஓரகத்தி தவமணி, எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். எல்லாத்தையும் பிரிச்சாச்சு, கூண்டை எப்படிப் பிரிக்கிறது? கொத்தனார் உள்ள தலையை விட்டுப் பார்த்தார், வெளிய எடுத்துச் சொறிஞ்சார். "இதை ரெண்டாக்கினா ரெண்டும் இழுக்காதும்மா"ன்னுட்டார். அதனால கூண்டு மட்டும் பொது. ரெண்டு அடுப்புப் புகையும் ஏறி, மேல ஒரே தொண்டையில சேர்ந்துதான் வெளிய போகணும்.

அதுல எனக்கு ஒரு வசதி. அந்தப் பக்கம் மூத்தவ பேசுறதெல்லாம் கூண்டு வழியா எனக்குக் கேட்கும். கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும், ஆனா ஒரு எழுத்து தப்பாது. நான் ஒட்டா கேட்குறேன்? காது இருக்கு, விழுகுது. அடுப்படியை விட்டு எங்க போறது? எங்க வீட்டுல போனுக்கு டவர் எடுக்கிறதே அந்த அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவுலதான். என் தங்கச்சி சுகந்தியைக் கட்டிக் குடுத்தது பழனியில. தினமும் அவகூடப் பேசிக்கிட்டேதான் குழம்பு கூட்டுவேன். மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டுவேன். அவ போனை வச்சதும் அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு காது குடுப்பேன்.

அப்படித்தான் ஒரு நாள் மூத்தவ தன் புருஷன்கிட்ட சொல்றா, "சின்னவளுக்கு வாயில இருக்கிற நீளம் கையில இல்ல." என்னைத்தான்! கரண்டியைப் போட்டு உடைச்சிருப்பேன். பொறுத்துக்கிட்டேன். நான் பொறுமைக்காரி டீச்சர், யாரும் நம்ப மாட்டாங்க.

ஆனா போன ஆவணியில நடந்ததைப் பொறுக்க முடியாது.

அதுக்கு முன்னாடி கூண்டு அடிக்கிறது எப்படின்னு சொல்லிடறேன், அப்பத்தான் புரியும். கயித்து நடுவுல முள்ளுச் செடியைக் கத்தையா கட்டணும். கயித்து நுனியில ஒரு கல்லு. ஒருத்தி கூரைமேல ஏறி நின்னு கல்லைக் கூண்டுக்குள்ள விடணும். ஒருத்தி கீழ அடுப்பு வாயில உக்காந்து கயித்தைப் பிடிச்சு இழுக்கணும். மேல இவ இழுக்க, கீழ அவ இழுக்க, முள்ளு போயிட்டுப் போயிட்டு வரும், கரியெல்லாம் சுரண்டிக் கொட்டும். கீழ இருக்கிறவ மூஞ்சி காக்காய் மூஞ்சியாயிரும். ஆனா கொட்டின கரி அவளுக்குத்தான், பூண்டுப் பாத்தியில போட்டா நத்தை அண்டாது. ஒரு தடவை நான் மேல, அடுத்த தடவை அவ மேல. மேல இருக்கிறவ "கல்லு வருது"ன்னு கூண்டுக்குள்ள கத்தணும். கீழ இருக்கிறவ "வரட்டும்"னு சொல்லணும். சொல்லாம கல்லை விடக் கூடாது, மண்டை போயிரும்ல?

ஆம்பளைங்க ஏறினா என்னன்னு கேட்குறீங்களா? கேட்டுப் பாருங்க. "தகரம் எங்க கனம் தாங்காது"ம்பாங்க. அடுப்பு யாருதோ கூண்டும் அவளுதுன்னு எங்க ஊருப் பேச்சு.

ஆடியில நான் மேல ஏறினேன். கல்லை விட்டேன். பாதியில முள்ளு சிக்கிக்கிச்சு. இழுத்துப் பார்த்தேன், காத்து வேற, குழந்தை கீழ அழுகுது. உருவி எடுத்துட்டு "முடிஞ்சுதுக்கா"ன்னேன். கீழ இருந்து மூத்தவ, "கரி ரெண்டு கை கூட விழலையே"ன்னா. "இருந்தாத்தானே விழும்"னேன். பாதி அடிச்சாலும் அடிச்சதுதானே? மீதியைக் காத்து தள்ளிட்டுப் போயிரும். நியாயமா இல்லையா? பச்சைத் தைலமர விறகை எரிச்சா கூண்டுல தார் மாதிரி ஒட்டும்னு அவ ஒரு பாட்டுப் பாடுவா. பச்சை விறகுதான் மெதுவா எரியும், கட்டுபடியாகும். அது அவளுக்குத் தெரியுமா?

ஆவணியில என் மக மித்ராவுக்குக் காதுகுத்து. எங்க அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, மடியில குழந்தையை வச்சு உக்காந்திருக்கான். எங்க மதினி பக்கத்துல தட்டோட நிக்கிறா. ஆசாரி ஊசியை எடுக்கிறார். அந்த நேரம் பார்த்து அடுப்படியில இருந்து குபுகுபுன்னு புகை. மேல போக வேண்டிய புகை எல்லாம் திரும்பி வீட்டுக்குள்ள! எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடுறாங்க. அண்ணன் வேட்டியில கரி. குழந்தைக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு, கீச்சுக் கீச்சுன்னு மூச்சு இழுக்குது. நான் தவிச்சு நிக்கிறேன். மூத்தவ என்ன சொன்னா தெரியுமா? அத்தனை பேரு முன்னாடி, "கூண்டை அரைகுறையா அடிச்சா இப்படித்தான்."

எங்க மதினி சிரிச்சா டீச்சர். வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. பொறந்த வீட்டு ஆளுக முன்னாடி அவமானம்னா அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? நான் அழுதேன். விசேஷ வீட்டுல, என் புள்ளை காதுகுத்துல, எல்லாரும் பார்க்க அழுதேன். புகைன்னு நினைச்சிருப்பாங்க. புகை இல்லை.

அன்னைக்கே தங்கச்சிக்குப் போன் போட்டேன். "சுகந்தி, எழுதி வச்சுக்கோ. நான் அழுத மாதிரி அவ அழுகணும். கண்ணுல தண்ணி வர்றதை நான் பார்க்கணும். பார்க்காம விட மாட்டேன்."

லேசுப்பட்டவளா அவ? அழுகவே மாட்டா. மாமனார் செத்தப்பகூட வந்தவங்களுக்குக் காப்பி போட்டுக்கிட்டு நின்னவ. அதோட ஒரு மாதிரி மந்திரக்காரி. நான் ஒண்ணு நினைச்சா அவ அதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சிருப்பா. பாருங்க, விறகெல்லாம் ஈரம், குழந்தைக்குப் புகை ஆகலைன்னு தங்கச்சிகிட்டப் புலம்பிக்கிட்டு இருந்தேன். மறுநாள் விடிஞ்சு கதவைத் திறக்கிறேன், வாசல்ல ஒரு கட்டுக் காய்ஞ்ச விறகு. மூத்தவ நிக்கிறா. "எங்க கொட்டாயில இடம் இல்ல, உன் பக்கம் போட்டுக்க." என் வீட்டு வாசல் என்ன அவ கொட்டாயா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு குச்சி விடாம எரிச்சே தீர்த்தேன். அப்புறம் ஒரு நாள், குழந்தை எதுவும் சாப்பிட மாட்டேங்குது, நாட்டுக்கோழி முட்டை கிடைச்சா தேவலைன்னு போன்ல சொல்லிக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் சொம்பு நிறைய முட்டை கொண்டு வர்றா. "கோழி கண்ட இடத்துல போட்டுத் தொலைக்குது, கெட்டுப் போறதுக்குள்ள தின்னு தீருங்க." கெட்டுப் போற முட்டையை என் புள்ளைக்கு! என்ன ஒரு திமிரு! எல்லா முட்டையும் நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம்.

என்ன டீச்சர் சிரிக்கிறீங்க? இருங்க, இன்னும் இருக்கு.

கார்த்திகையில எனக்கு நேரம் வந்துச்சு. மூத்தவளுக்கு ஒரே மக, நிவேதா. அவளைப் பொண்ணு பார்க்க வத்தலக்குண்டுல இருந்து ஆளு வர்றாங்கன்னு கூண்டு வழியாக் கேட்டேன். நிவேதா மேல எனக்கு ஒண்ணும் இல்லை, தங்கமான புள்ளை, "சித்தி சித்தி"ன்னு மித்ராவைத் தூக்கிக்கிட்டே திரியும். ஆனா விசேஷத்துக்கு விசேஷம், புகைக்குப் புகை. இல்லையா? தங்கச்சிகிட்ட எல்லாம் விவரமாச் சொன்னேன். "அவங்க வந்து உக்காந்து, பலகாரத்துல கை வைக்கிற நேரம், கூரைமேல ஏறிக் கூண்டு வாயில ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கிடறேன். வந்தவங்க கண்ணைக் கசக்கிக்கிட்டு ஓடணும். மூத்தவ நடு வீட்டுல நின்னு அழுகணும்." சுகந்தி பயந்தா. "வேண்டாம்க்கா, பொண்ணு வாழ்க்கை"ன்னா. "வாழ்க்கை எங்கயும் போயிராது, வேற மாப்பிள்ளை வரும், போனை வை"ன்னேன்.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. வத்தலக்குண்டு ஆளுக ஜீப்புல வந்து இறங்கினாங்க. மாப்பிள்ளையோட அம்மா கனத்த ஆளு, குளிருக்கு ரெண்டு சால்வை போத்தியிருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் அண்ணன் பக்கத்துல மரியாதையா உக்காரப் போயிட்டார். நான் தலைவலின்னு வீட்டுலயே இருந்துட்டேன். மித்ரா அடுப்படித் தொட்டில்ல தூங்குது, குளிருக்கு எப்பவும் அங்கதான் தொட்டில். என் அடுப்பு எரிஞ்சா என் வீட்டுக்குள்ளயும் புகை வருமே, அந்த அறிவு எனக்கு இருக்கு. அதனால ஒரு சொம்புத் தண்ணியை அடுப்புல ஊத்தினேன். நெருப்பு அணைஞ்சுது. சாக்கை நனைச்சுத் தோள்ல போட்டுக்கிட்டுப் பின்பக்க ஏணியில ஏறினேன்.

சாக்கைப் போட்டு அமுக்கினேன். மேலயே உக்காந்து காது குடுத்தேன். இப்ப இருமுவாங்க, இப்ப ஓடுவாங்க. ஒண்ணும் இல்லை. தம்ளர் சத்தம், சிரிப்புச் சத்தம். மாப்பிள்ளையோட அம்மா "கேசரி பிரமாதம்"குது. எனக்குப் புரியலை. அப்புறம்தான் தெரிஞ்சுது, மூத்தவ அன்னைக்கு விறகடுப்பே மூட்டலை! விடியக் கருக்கல்ல எழுந்து எல்லாத்தையும் கேஸ்லயே சமைச்சு வச்சிருக்கா. குளிரு நாள்ல, விசேஷ நாள்ல, அடுப்பு மூட்டாத பொம்பளை எங்கயாவது உண்டா? யாரோ சொல்லியிருக்காங்க. எங்க வீட்டுக்காரரா இருக்கும்னு சந்தேகம். அவர்கிட்டக் கேட்டா "எனக்கு நீ ஏறினதே தெரியாதே"ங்கிறார். ஆம்பளைங்களை நம்ப முடியுமா?

அப்பத்தான் ஒரு இருமல் கேட்டுச்சு. ஆச்சு, ஆரம்பிச்சுதுன்னு எனக்கு ஒரு சந்தோஷம். ரெண்டாவது இருமல்ல தெரிஞ்சுது டீச்சர், அது அந்தப் பக்கத்து இருமல் இல்லை. சின்ன இருமல். மித்ராது.

தண்ணி ஊத்தின அடுப்பு அணைஞ்சிருச்சுன்னு நான் நினைச்சேன். அடியில கங்கு இருந்திருக்கு. ஈரத்துல அது எரியவும் இல்லை, அணையவும் இல்லை, புகையா கக்கியிருக்கு. கூண்டு வாய் என் கைக்குக் கீழ அடைச்சுக் கிடக்கு. ஏணி எந்தப் பக்கம்னு தெரியலை. சாக்கை எப்ப உருவித் தோள்ல போட்டேன், எப்படி இறங்கினேன், எங்க கால் வச்சேன், எதுவும் தெரியாது.

நான் பாதி ஏணி இறங்குறதுக்குள்ள மூத்தவ என் புள்ளையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறா. வந்த விருந்தாளிகளை அப்படியே விட்டுட்டு ஓடி வந்திருக்கா. பட்டுச் சேலை முந்தானையை மூக்குல கட்டியிருக்கா. சேலையெல்லாம் கரி. குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டுறா, நிவேதா ஓடிப் போய் ஆவி பிடிக்கிற மெஷினை எடுத்துட்டு வருது, மாப்பிள்ளையோட அம்மா தன் சால்வையைக் கழட்டிப் போத்துது. கொஞ்ச நேரத்துல மித்ரா மூச்சு சீராகி அழுக ஆரம்பிச்சுது. அந்த அழுகை கேட்டப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு.

எல்லாரும் ஏணியைப் பார்க்கிறாங்க. நான் நடு ஏணியில நிக்கிறேன், தோள்ல ஈரச் சாக்கு. எங்க வீட்டுக்காரர், "என்னடி பண்ற அங்க?"ங்கிறார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மூத்தவ சத்தமா, "கூண்டுல குருவி கூடு கட்டியிருக்குன்னு நான்தான் ஏறச் சொன்னேன். ஏண்டி, நான் வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டியா? இறங்கி வா, புள்ளையைப் பிடி"ன்னா.

பார்த்தீங்களா? அத்தனை பேரு முன்னாடி, இவ ஏறச் சொன்னாளாம், நான் ஏறினேனாம்! என்னமோ நான் அவ வீட்டு வேலைக்காரி மாதிரி! சாக்கைத் தூக்கிப் போட்டுட்டுப் புள்ளையை வாங்கிக்கிட்டேன். மாப்பிள்ளையோட அம்மா என் தலையைத் தடவி, "ஓரகத்திங்க இப்படி ஒத்துமையா இருக்கிற வீட்டுல பொண்ணு எடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்"னு சொல்லி, அங்கேயே பூ வச்சு உறுதி பண்ணிருச்சு. கெடுக்கப் போனவ நான். என்னால கல்யாணம் நிச்சயமாச்சு. அவ அதிர்ஷ்டத்தைப் பார்த்தீங்களா? வயிறு எரியுது டீச்சர்.

குழந்தை எங்கன்னா கேட்குறீங்க? மூத்தவகிட்டதான் விட்டுட்டு வந்திருக்கேன். வேற யாருகிட்ட விடுறது? அவ ஊட்டினாத்தான் சோறும் இறங்குது. அது ஒரு எரிச்சல் தனியா இருக்கு.

சரி, முந்தா நாளுக்கு வர்றேன். கல்யாணம் வருது, வீடு நிறைய ஆளு வரும், கூண்டு அடிச்சே ஆகணும். முறைப்படி இந்தத் தடவை மூத்தவ மேல, நான் கீழ. அவளுக்கு முழங்கால் வலி, முனகிக்கிட்டேதான் ஏறினா. நான் அடுப்பு வாயில தலைக்குத் துணி கட்டிக்கிட்டு உக்காந்தேன். மேல இருந்து "கல்லு வருது"ன்னு கத்துறா.

எனக்கு ஒரு யோசனை. நான் ஏன் பதில் சொல்லணும்? மார்கழிக் காத்துல, தகரத்து மேல, கல்லைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும். வாயை மூடிக்கிட்டேன்.

"கல்லு வருதுடி." பேசலை. "சின்னவளே, இருக்கியா?" பேசலை. "ஏய் கோகிலா!" எனக்குச் சிரிப்பு தாங்கலை, சேலையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டேன். அவ கல்லை விடவே இல்லை. அப்புறம் தடதடன்னு ஏணி ஆடுற சத்தம். மறு நிமிஷம் என் அடுப்படியில நிக்கிறா. மூஞ்சி வெளுத்துப் போச்சு. என் தோளைப் பிடிச்சு உலுக்குறா.

"ஏண்டி பதில் சொல்லல? கரியில மூச்சடைச்சு விழுந்துட்டேன்னு நினைச்சுட்டேனே, பாவி!"

"எனக்குக் கேட்கலைக்கா"ன்னேன்.

"கேட்கலையா? நீ உன் தங்கச்சிகிட்டக் குசுகுசுன்னு பேசுறதே ஆவணியில இருந்து எனக்குக் கணீர்னு கேட்குது. நான் தொண்டை கிழியக் கத்தினது உனக்குக் கேட்கலையா?"

கேட்டீங்களா டீச்சர்? ஆவணியில இருந்து! நான் சொன்னது எல்லாம், சாக்கு, புகை, அவ அழுகணும், எல்லாம்! ஒரு வார்த்தை விடாம! இத்தனை நாளும் அந்தப் பக்கம் உக்காந்து ஒட்டுக் கேட்டிருக்கா! எவ்வளவு பெரிய கள்ளி பார்த்தீங்களா? அடுத்த வீட்டுப் பேச்சைக் கேட்கிறது ஒரு குடும்பப் பொம்பளை செய்யுற காரியமா? கேட்டும் கேட்காத மாதிரி என் முன்னாடி நடமாடியிருக்கா பாருங்க, அதைத்தான் என்னால மன்னிக்கவே முடியாது.

"எல்லாம் கேட்டுட்டு ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கலை?"ன்னு நானும் விடலை.

"கேட்டா மட்டும் நீ திருந்திடுவியாக்கும். தலைத்துணியை இறுக்கிக் கட்டு, நான் மேல போறேன்"னு மறுபடி ஏறப் போயிட்டா. "கல்லு வருது"ன்னா. "வரட்டும்"னேன். வேற என்ன பண்றது? ஒரு கூடை கரி விழுந்துச்சு. எனக்குத்தான் அது, பாத்திக்கு.

ராத்திரியெல்லாம் யோசிச்சேன். திட்டினாலும் கேட்டுக்குவா, திட்டம் போட்டாலும் தெரிஞ்சுக்குவா. இவளை எப்படித்தான் அழ வைக்கிறது? விடியுறப்ப ஒரு வழி கிடைச்சுது.

நேத்துக் காலையில தங்கச்சிக்குப் போன் போட்டேன். அடுப்புக்கு நல்லா நெருங்கி, கூண்டுக்கு நேரா வாயை வச்சுக்கிட்டேன். "சுகந்தி, எங்க தவமணி அக்கா மாதிரி ஒரு மனுஷி இந்த மலையிலயே கிடையாதுடி. அன்னைக்கு அவங்க ஓடி வரலைன்னா மித்ரா எனக்கு இல்லை"ன்னேன். சுகந்தி அந்தப் பக்கம், "அக்கா, உனக்குக் காய்ச்சலா?"ங்கிறா. "சும்மா இரு, கேளு. நிவேதா போயிட்டா அவங்க தனியாப் போயிருவாங்களேன்னு எனக்கு இருக்கு. நான் இருக்கேன்ல, மகளுக்கு மகளா பார்த்துக்க மாட்டேனா"ன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் ஆரம்பிச்சேன், ஆரம்பிச்சா நிறுத்த முடியலை டீச்சர், நாக்கு அது பாட்டுக்கு ஓடுது. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியலை.

அந்தப் பக்கம் அம்மியில அரைக்கிற சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நின்னுச்சு. போனை வச்சுட்டுக் காது குடுத்தேன். ஒண்ணும் இல்லை. அப்புறம் மூக்கைச் சிந்துற சத்தம். ஒரு தடவை இல்லை, நாலஞ்சு தடவை. புகைன்னு சாக்குச் சொல்ல முடியாது. முந்தா நாள்தானே அடிச்சோம், கூண்டு சுத்தமா இழுக்குது.

அழுகட்டும். இன்னைக்குச் சேலை எடுத்துட்டுப் போனதும் இன்னொரு போன் போடப் போறேன். அவளுக்கு என்ன சேலை எடுத்தேன்னு சுகந்திகிட்டச் சொல்லப் போறேன். கலர், கரை, முந்தானை, எல்லாம் நிறுத்தி நிதானமாச் சொல்லுவேன். நல்லா அழுகட்டும்.